பனிநாட்டில் அத்திமரம்

திருமறையில் அத்திமரம் என்னும் சொல்லை வாசிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர் தம் உள்ளத்தில் காணும் மரம் பெரும்பாலும் வேறொன்றாகும். ஆற்றங்கரைகளிலும் ஊர்ப்புறங்களிலும் தானே முளைத்து, அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கின்ற நம் நாட்டு அத்தியே அது. 'அத்தி பூத்தாற்போல' என்னும் வழக்கும், அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்னும் பழமொழியும் அம்மரத்தைக் கண்டு எழுந்தவை. ஆனால் நம் ஆண்டவர் உவமையிலே குறித்த மரம் அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரம். சீமையத்தி என்றும் தேனத்தி என்றும் நாம் வழங்குவது அதனையே. சகேயு ஏறிய காட்டத்தி இவ்விரண்டிலும் வேறான மூன்றாவது மரமாகும்.

இவ்வேறுபாடு தாவர நூலாருக்கு மட்டுமே உரியதன்று. நம் நாட்டு அத்திக்குத் தோட்டக்காரன் தேவையில்லை. பறவை எச்சமிட்ட இடத்தில் முளைக்கும். மழை பெய்தால் வளரும். எவரும் எருவிடாமலே காய்க்கும். ஆதலின் லூக்கா 13:6-9இல் வரும் உவமையைத் தமிழகத்தில் நாம் பிரசங்கிக்கும்போது, மரமும் அதன் உடைமையாளருமே நம் கண்முன் நிற்கின்றனர். சுற்றிலும் கொத்தி எருவிட இன்னும் ஓராண்டு கேட்கும் அந்தத் தோட்டக்காரன் கதைக்குத் துணையாக வந்தவனாகவே தோன்றுகிறான். காய்க்காத மரம் யார் என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே நம் அருளுரைகள் பல முடிந்துவிடுகின்றன.

இக்குறையை நீக்க, அத்தி தனக்குரிய வெப்ப நாட்டைவிட்டு உறைபனி பெய்யும் நாடுகளுக்குச் சென்ற வரலாறு நமக்குத் துணைபுரியும். அங்கே அம்மரம் ஒவ்வோராண்டும் ஒருவருடைய கையால் காக்கப்பட்டே உயிர் வாழ்கிறது. அந்த வரலாற்றில் தோட்டக்காரனே முதன்மையானவன்.

மனிதக் கையால் வாழும் மரம்

அத்தியின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. நாம் காய் என்று காண்பது உண்மையில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்களை உள்ளடக்கிய ஒரு பையே ஆகும். இவ்வினத்தின் காட்டு வகைகளில், மிகச் சிறிய குளவி ஒன்று காயின் நுனியிலுள்ள துளை வழியாக உட்புகுந்து மகரந்தத்தைச் சேர்த்தாலன்றி, காய் பழுக்காமல் உதிர்ந்துபோகும். நம் பழமொழி கூறும் 'புழு' இத்தகைய சிறு பூச்சிகளையே பெரும்பாலும் குறிப்பதாகும்.

ஆயினும், குளவியின்றியே பழுக்கும் அத்தி வகைகளும் உண்டு. அவ்வாறு பழுத்த பழத்தில் முளைக்கத்தக்க வித்து இராது. எனவே அம்மரத்துக்குச் சந்ததி வேண்டுமானால், ஒருவர் அதன் கிளையை வெட்டி வேறிடத்தில் நட வேண்டும். எரிகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்று இன்று வழங்கும் அகழாய்விடத்தில் எரிந்து கரியாகிய அத்திப்பழங்கள் சில கண்டெடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்றும், முளைக்கும் வித்தில்லாத வகையைச் சேர்ந்தவை என்றும், ஆகவே கோதுமையும் வாற்கோதுமையும் பயிராவதற்கு முன்னரே மனிதர் அத்திக்கிளையை நட்டு வளர்த்தனர் என்றும் ஆய்வாளர் மூவர் 2006இல் வெளியிட்டனர். அத்தகைய மரம் காட்டிலும் தோன்றக்கூடும் என்று மறுத்துரைத்த அறிஞரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், ஓர் உண்மை நிலைநிற்கிறது: மனிதர் நட்டு உண்ணும் அத்தி வகைகள் பலவும் மனிதக் கை இல்லாவிட்டால் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும்.

குளிர்நாடுகளுக்குச் சென்ற அத்தி இவ்வகையினதே. அந்நாடுகளில் அத்திக் குளவி வாழ்வதில்லை. ஆதலால் அங்கே நட்ட ஒவ்வொரு மரமும் யாரோ ஒருவர் வேறு யாரோ ஒருவருக்குக் கொடுத்த கிளையிலிருந்து வந்ததாகும்.

வைக்கோற் போர்வை

குளிர்நாட்டில் அத்தியைக் காக்கும் முறையைக்குறித்துப் பழைய காலத்துச் சாட்சி ஒன்று நமக்குக் கிடைக்கிறது. அதைத் தந்தவர் திருச்சபை வரலாற்றில் 'விசுவாசத் துரோகி' என்று பெயர்பெற்ற யூலியன் பேரரசரே என்பது வியப்புக்குரியது. அவர் பேரரசராவதற்கு முன் கால் நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, கி.பி. 357-358 குளிர்காலத்தை லுட்டீஷியா நகரில் கழித்தார். அந்நகரமே இன்றைய பாரிஸ். பின்னர் 363இல் அந்தியோகியா நகரத்தாரைக் கடிந்து எழுதிய நூலில் அக்குளிர்காலத்தை அவர் நினைவுகூருகிறார். ஆற்றில் பனிக்கட்டிகள் பளிங்குப் பலகைகளைப்போல் மிதந்து வந்ததையும், அறையில் வைத்த கரி நெருப்பின் புகையால் தாம் ஏறக்குறைய மாண்டதையும் கூறும் அவர், அவ்வூரார் சிலர் குளிர்காலத்தில் அத்திமரங்களைக் கோதுமை வைக்கோலால் போர்த்தி வளர்த்தனர் என்றும் குறிப்பிடுகிறார்.

ஏறத்தாழ பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதிய இந்தக் குறிப்பில் கண்ட முறை இன்றும் மாறவில்லை. வேர் மண்ணுக்குள் இருப்பதால் உறைபனி அதனை எளிதில் தொடுவதில்லை. தண்டும் கிளையுமே பனியால் மடிகின்றன. நன்கு முதிர்ந்து இலையுதிர்த்து உறங்கும் தண்டு உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வரை தாங்கும்; அதற்கும் மிஞ்சினால் பட்டுப்போகும். வைக்கோல் தானாக வெப்பம் தருவதில்லை. நிலத்தினின்று எழும் சிறு வெப்பம் காற்றோடு போய்விடாமல் தடுத்து, மரத்தை உலர்த்தும் வாடையை விலக்குகிறது. அவ்வளவே அதன் தொழில்.

அரசனின் தொட்டியும் உழவரின் குழியும்

பிரெஞ்சு நாட்டில் இக்கலை பிற்காலத்தில் இரு வழியாக வளர்ந்தது. பதினான்காம் லூயி அரசர் அத்திப்பழத்தை மிக விரும்பியவர். 1678 முதல் 1683 வரை வெர்சாயில் அவருக்காகக் காய்கனித் தோட்டம் அமைத்த லா கேந்தினி என்பவர், எழுநூறுக்கும் மேற்பட்ட அத்திமரங்களைத் தொட்டிகளில் வளர்த்தார். குளிர் தொடங்கும்போது தொட்டிகள் யாவும் அதற்கென்று கட்டிய மனைக்குள் எடுத்துச்செல்லப்பட்டன. குளிர் நீங்கியபின் வெளியே கொண்டுவரப்பட்டன.

பாரிசுக்கு அருகிலுள்ள அர்ஜாந்தேய் என்னும் ஊரின் உழவருக்கு அத்தகைய மனையும் இல்லை. தொட்டி சுமக்க ஆட்களும் இல்லை. அவர்கள் மரத்தை உயரவிடாமல், தரையினின்றே பல கிளைகள் எழும் புதராகப் பழக்கினர். இலையுதிர்ந்தபின் கிளைகளைக் கட்டாகச் சேர்த்து வளைத்துக் குழியில் படுக்கவைத்து மண்ணிட்டு மூடினர். இளவேனிலில் மண்ணை நீக்கி நிமிர்த்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரச் சந்தைகளில் அவ்வூர் அத்தி பெயர்பெற்றிருந்தது. அரண்மனையில் செல்வம் செய்த வேலையை அர்ஜாந்தேயில் மண்வெட்டி செய்தது என்று நாம் கூறலாம்.

லாம்பெத் மதிலோரம்

இங்கிலாந்தில் அத்தியின் வரலாறு திருச்சபையின் வரலாற்றோடு பின்னிக்கிடக்கிறது. கான்டர்பரிப் பேராயர்களின் உறைவிடமாகிய லண்டன் லாம்பெத் அரண்மனையில் வளரும் வெள்ளை மார்செய் என்னும் வகை அத்தி, கர்தினால் ரெஜினால்ட் போல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்து நட்டவற்றின் வழிவந்தது என்பது அவ்விடத்து மரபு.

இவர் காலம் எத்தகையது என்பதைச் சீர்திருத்தத் திருச்சபையார் மறப்பதற்கில்லை. 1556 மார்ச் 21ஆம் நாள் பேராயர் தாமஸ் கிரான்மர் ஆக்ஸ்போர்டில் எரித்துக் கொல்லப்பட்டார். மறுநாள் மார்ச் 22ஆம் தேதி போல் கான்டர்பரிப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மேரி அரசியின் ஆட்சியில் சீர்திருத்த விசுவாசத்துக்காக ஏறத்தாழ 280 பேர் எரிக்கப்பட்டனர். 1558 நவம்பர் 17ஆம் நாள் அரசி இறந்தார். அதே நாளில் போலும் இறந்தார். ரோமச் சபையைச் சேர்ந்த கான்டர்பரிப் பேராயர்களில் அவரே கடைசியானவர்.

அவருக்குப் பின் அவ்வரண்மனைக்கு வந்தவர்கள் அவர் போதனையை ஏற்காதவர்கள். ஆயினும் அவர் நட்ட மரத்தை அவர்கள் வெட்டவில்லை. 1640களில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது லாம்பெத் பாராளுமன்றத்தார் வசமாகிச் சிறைச்சாலையாயிற்று. பேராயர் வில்லியம் லாட் 1645இல் தலை வெட்டப்பட்டார். அரண்மனையின் பெருமண்டபமும் இடிக்கப்பட்டது. 1660க்குப் பின் பேராயர் ஜக்சன் அதனைத் திரும்பக் கட்டினார். இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் அத்தி நிலைத்தது. யாரோ பெயரறியாத தோட்டப் பணியாளர்கள் ஆண்டுதோறும் அதைக் காத்திருக்க வேண்டும்.

1813-14 குளிர்காலத்தில் தேம்ஸ் ஆறு உறைந்து, பனிக்கட்டியின்மேல் மக்கள் சந்தை கூடினர். லண்டனில் ஆற்றின்மேல் அவ்வாறு கூடிய சந்தைகளில் அதுவே கடைசியானது. அக்குளிரில் லாம்பெத்தின் முதிய அத்திகள் கடுமையாகச் சேதமுற்றன; பட்டுப்போன பெருந்தண்டுகளை வெட்டவேண்டியதாயிற்று. அன்று அம்மரங்களைக் கண்டவர் முடிந்துபோயின என்றே எண்ணியிருப்பர். ஆனால் வேர் சாகவில்லை. அதினின்று புதுத்தளிர்கள் எழுந்தன.

2014ஆம் ஆண்டு அன்றைய கான்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி ரோம் நகருக்குச் சென்றபோது, லாம்பெத் அத்தியினின்று எடுத்த ஒரு பதியனை அன்றைய போப்பாண்டவர் பிரான்சிசுக்குக் காணிக்கையாக அளித்தார். கிளையிலிருந்து வளரும் அத்தி தாய்மரத்தின் அதே உயிரைத் தொடர்ந்து சுமப்பதாகும். இத்தாலியிலிருந்து வந்த மரம் நான்கரை நூற்றாண்டுகளுக்குப்பின் சீர்திருத்தச் சபையின் கையால் இத்தாலிக்குத் திரும்பிற்று. நடுவிலிருந்த எரிப்புகளையும் வெட்டுகளையும் இச்செயல் இல்லாமற் செய்துவிடாது. ஆனால், பகைமையின் காலத்தில் நடப்பட்ட ஒன்றை வெட்டாமல் காத்தவர்கள் இருந்தமையால்தான் கொடுப்பதற்கு ஒரு கிளை இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எபிரெயப் பேராசிரியரின் தோட்டம்

இங்கிலாந்தில் புகழ்பெற்ற மற்றோர் அத்தி ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் வளர்ந்தது. எபிரெயப் பேராசிரியருக்குரிய தோட்டத்தில் அதனை 1648இல் நட்டவர் எட்வர்டு பொகாக் என்பர். இவர் 1630 முதல் ஏறத்தாழ ஆறாண்டுக் காலம் சிரியா நாட்டின் அலெப்போ நகரில் ஆங்கில வணிகருக்குக் குருவாகப் பணியாற்றி, அங்கேயே அரபு மொழியைக் கற்றவர். பேராயர் லாட் ஏற்படுத்திய அரபு ஆசிரியப் பதவிக்கு 1636இல் அமர்த்தப்பட்ட முதல்வர் இவரே. 1648இல் எபிரெயப் பேராசிரியரானார். அவருடைய அத்தி அலெப்போவிலிருந்தே வந்தது என்பது மரபு.

பொகாக் மன்னர் கட்சியையும் பேராயர் ஆட்சிமுறையையும் சார்ந்தவர். ஆகையால் குடியரசுக் காலத்தில் துன்புற்றார். கிறைஸ்ட் சர்ச்சில் அவருக்கிருந்த பதவியை இழந்தார். சில்ட்ரி என்னும் சிற்றூரின் ஆயராகவும் அவர் இருந்தார். அவ்வூரார் ஒருவரிடம் உங்கள் ஆயர் எத்தகையவர் என்று கேட்டபோது, எளிய நல்ல மனிதர்தாம், ஆனால் லத்தீன் தெரியாதவர் என்று பதில் வந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. கீழ்த்திசை மொழிகளில் ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்ற அறிஞர் தம் சபையாருக்கு விளங்கும்படி எளிய சொற்களிலேயே பிரசங்கித்தமையின் பயன் இது!

பின்பு 1655இல் அவருக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. தகுதியற்ற போதகர்களை நீக்குவதற்கென்று ஏற்பட்ட ஆணையத்தார் முன் அவர்மீது குற்றச்சாட்டு வந்தது. திறமைக் குறைவும் அதில் ஒரு குற்றம். உவமையின் மொழியில் சொன்னால், நிலத்தைக் கெடுக்கும் மரமென்று அவரை வெட்ட முற்பட்டனர். அப்பொழுது அவருக்காகப் பேச வந்தவர் அவர் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். தூய்மைச் சீர்திருத்தவாதிகளின் தலைசிறந்த இறையியலாளரும், அந்நாளில் கிறைஸ்ட் சர்ச்சின் தலைவருமாகிய ஜான் ஓவன் ஆக்ஸ்போர்டு அறிஞர் சிலரோடு சென்று ஆணையத்தாரை எச்சரித்தார். கற்றோர் அனைவரும் போற்றும் ஒருவரைத் திறமையற்றவரென்று நீக்கினால் அவர்களுக்கு நேரிடப்போகும் இகழ்ச்சியை எடுத்துரைத்தார். பொகாக் விடுவிக்கப்பட்டார், 1660க்குப் பின் கிறைஸ்ட் சர்ச்சில் தம் பதவியையும் திரும்பப் பெற்று, 1691இல் மரிக்குமளவும் மொழிப்பணியில் நிலைத்திருந்தார்.

1809இல் அக்கல்லூரியில் நேர்ந்த தீவிபத்தில் அவருடைய அத்தியும் சேதமுற்றது. ஆயினும் மடிந்துபோகாமல் தொடர்ந்து வளர்ந்தது.

குடியேறியோரின் கொல்லைப்புறம்

இதுவரை கண்டவை அரண்மனைகளிலும் கல்லூரிகளிலும் வளர்ந்த மரங்கள். ஆயினும் குளிர்நாட்டு அத்தியைப் பெருவாரியாகக் காத்தவர்கள் ஏழைகளே. 1880 முதல் 1920 வரை நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களில் மிகப் பலர் தென்னித்தாலியிலிருந்தும் சிசிலித் தீவிலிருந்தும் வந்த உழவர்கள். நியூயார்க், பிலடெல்பியா, சிகாகோ முதலிய நகரங்களின் நெருக்கமான தெருக்களில், வீட்டின் பின்புறத்துச் சிறு நிலத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த அத்திக்கிளையை நட்டனர்.

அந்நகரங்களின் குளிர் சிசிலி அறியாதது. ஆதலால் இலையுதிர்காலத்தின் முடிவில் வீடுதோறும் ஒரு வேலை நடந்தது. சிலர் மரத்தின் கிளைகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, சாக்கும் பழங்கம்பளியும் சுற்றி, மழைநீர் உட்புகாதபடி உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்தனர். சிலர் ஒருபுறத்து வேரை மண்வெட்டியால் அறுத்து, மரத்தை மறுபுறம் சாய்த்து, நீண்ட குழியில் கிடத்தி, பலகையும் சருகும் மண்ணும் இட்டு மூடினர். ஏப்ரல் மாதமளவில் தோண்டியெடுத்து நிமிர்த்தினர். இன்று குளிர்தாங்கும் அத்தி என்று உலகெங்கும் விற்கப்படும் 'சிகாகோ ஹார்டி' என்னும் வகைக்கு 'பென்சன்ஹர்ஸ்ட் பர்ப்பிள்' என்றும் ஒரு பெயருண்டு. பென்சன்ஹர்ஸ்ட் என்பது நியூயார்க்கில் இத்தாலியர் நெருங்கி வாழ்ந்த பகுதியாகும்.

தன் தன் அத்திமரத்தின் கீழ் அச்சமின்றி அமர்ந்திருப்பதே இஸ்ரவேலர் கண்ட சமாதானத்தின் அடையாளம் (1 இராஜாக்கள் 4:25, மீகா 4:4). அந்நிய நாட்டில் சிறைப்பட்டவர்களுக்கோ, அங்கேயே தோட்டம் நட்டு அதன் கனியைப் புசிக்குமாறு எரேமியா எழுதினார் (எரேமியா 29:5). குடியேறிய இந்த ஏழை மக்கள் இவ்விரண்டையும் ஒரே மரத்தில் செய்தனர் எனலாம்.

இங்கே பிரசங்கியாருக்கு ஓர் எச்சரிப்பு தேவை. குழியில் வைத்து மூடிய மரம் ஏப்ரலில் எழுவதைக் கண்டவுடன் அடக்கத்தையும் உயிர்த்தெழுதலையும் ஒப்பிட நா எழும். அது பொருந்தாது. மரம் சாகவில்லை, சாகாதபடிதான் அதனை மூடினர். இது உயிர்ப்பின் உருவகமன்று, பராமரிப்பின் உருவகம். பராமரிப்பே பெரும்பாலும் ஆயர்களாகிய நம் கையில் தரப்பட்டுள்ள வேலையுமாகும்.

குளிர்நாட்டார் கற்ற ஒழுங்கு

இந்நீண்ட அனுபவத்தில் குளிர்நாட்டார் கற்ற ஒழுங்குகள் சிலவற்றை இங்கே தொகுத்துரைப்பது பயன்தரும்.

முதலாவது, இடம். தென்திசை நோக்கிய மதிலோரமே அத்திக்கு ஏற்றது. பகலில் வெயிலை உட்கொண்ட சுவர் இரவில் அவ்வெப்பத்தை மரத்துக்குத் தருகிறது. லாம்பெத் அத்திகளும் சுவரைச் சார்ந்தே வளர்ந்தவை.

இரண்டாவது, எரு. மண் மிக வளமாயின் அத்தி இலையும் கொம்புமாகப் பெருத்துக் காய்ப்பதை மறந்துவிடும். அக்கொம்பும் முதிராமல் முதற்பனியிலேயே மடியும். ஆதலால் ஆங்கிலத் தோட்டக்காரர் ஏறத்தாழ இரண்டடிச் சதுரக் குழி தோண்டி, பக்கங்களில் கற்பலகை நிறுத்தி, அடியில் செங்கல் உடைப்பைப் பரப்பி, வேரை அதற்குள் அடக்குவர். உவமையின் தோட்டக்காரனோ எருவிடுகிறான். ஏனெனில் அவன் மரம் கற்கள் நிறைந்த நாட்டில், திராட்சைக்கொடிகளோடு ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொண்டு நின்றது. எந்த மரத்துக்கு எரு, எந்த மரத்துக்குக் கட்டுப்பாடு என்று அறிவது நிலத்தை அறிந்தவனுக்கே கூடும்.

மூன்றாவது, காய்க்கும் காலம். அத்திக்கு ஆண்டில் இரு போகம் உண்டு. சென்ற ஆண்டின் கொம்பில் தோன்றும் முதற்காய் கோடையின் தொடக்கத்திலோ நடுவிலோ பழுக்கும்; புதுக்கொம்பில் தோன்றும் இரண்டாம் காய் கோடையின் இறுதியில் பழுக்கும். இங்கிலாந்தின் குறுகிய கோடையில் இரண்டாம் போகம் பழுப்பது அரிது. ஆகவே இலையுதிர்காலத்தில் பெரிய பச்சைக் காய்களைக் கிள்ளி எறிந்து, கொம்பின் நுனியில் பட்டாணியளவாக நிற்கும் பிஞ்சுகளை மட்டும் காப்பர். அவையே மறு ஆண்டின் பழம். சிகாகோவிலோ, குளிர் கொடியதாயினும் கோடை வெப்பமிக்கது. அங்கே தண்டு முழுவதும் மடிந்தாலும், வேரிலிருந்து எழும் புதுக்கொம்பு குளிர்தாங்கும் வகைகளில் அவ்வாண்டே காய்த்துப் பழுக்கும். மாற்கு 11:13இல் அத்திப்பழக் காலமன்று என்னும் குறிப்பை விளக்க முற்படுவோர் இவ்விரு போகங்களையும் மனத்தில் கொள்ளுதல் நலம்.

நான்காவது, தீர்ப்பு. இளவேனிலில் மற்ற மரங்களெல்லாம் தளிர்த்தபின்னும் பனியடிபட்ட அத்தி பட்டமரமாக நிற்கும். அனுபவமுள்ளவர் உடனே வெட்டுவதில்லை. நகத்தால் தண்டின் தோலைச் சிறிது சுரண்டிப் பார்ப்பர். உள்ளே பசுமை தெரிந்தால் அக்கிளை உயிரோடிருக்கிறது. பழுப்பாயிருந்தால் இன்னும் கீழே சுரண்டுவர். தரைமட்டும் பழுப்பாயிருந்தாலும் கோடை தொடங்கும்வரை வேருக்குத் தவணை கொடுப்பர். உயிருள்ள எத்தனையோ அத்திகளை வெட்டியது பனியன்று, பொறுமையற்ற கோடரியே என்று அவர்கள் அறிவர்.

மீண்டும் உவமைக்கு

லூக்காவின் உவமைக்கு இப்போது திரும்புவோம். அது எச்சரிப்பின் உவமை என்பதை மறுக்கலாகாது. பிலாத்து கொன்ற கலிலேயரையும் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களையும் குறிப்பிட்டு மனந்திரும்ப அழைத்தபின்னரே ஆண்டவர் இதனைச் சொன்னார். தவணைக்கு எல்லையுண்டு, தோட்டக்காரன் கேட்டது ஓராண்டே. கோடரி வேண்டாமென்று அவன் கூறவில்லை. கதை முடிவு கூறாமல் நிற்கிறது. மறு ஆண்டில் அம்மரம் காய்த்ததா என்பதை நாம் அறியோம்.

ஆனால் தவணை கேட்டவன் அதோடு நின்றானல்லன் என்பதைப் பனிநாட்டு வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அவன் தன் உழைப்பைப் பிணையாக வைத்தான். தன் கையில் மண்வெட்டி இல்லாமல் ஒருவன் பிறருக்குத் தவணை கேட்பது எளிது. அது பரிவு எனப்படினும் பராமரிப்பு ஆகாது. மண்வெட்டியை எடுக்காமலே மரத்தைப் பழிப்பது அதினும் எளிது.

நம் திருச்சபைகளில் இவ்விரு எளிய வழிகளும் மிகுந்துள்ளன. நாற்பது குடும்பங்களாயிருந்து பத்துக் குடும்பங்களாகக் குறைந்த கிராமச் சபையை அடுத்த சபையோடு சேர்த்துவிடலாம் என்று சேகரக் கூட்டம் ஒரு மாலைப் பொழுதில் முடிவு செய்துவிடுகிறது. தேர்வில் ஒருமுறை தவறிய இறையியல் மாணவர் ஊழியத்துக்கு ஆகாதவர் எனப்படுகிறார். மதுப்பழக்கத்தில் விழுந்த சபையார் ஒருவரின் பெயர் திருவிருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. நீக்கியபின் அவர் வீட்டு வாசற்படியை மிதித்த ஆயர் எத்தனை பேர்? இவர்களில் எவரேனும் உண்மையிலேயே பட்டுப்போயிருக்கலாம். ஆனால் தோலைச் சுரண்டிப் பார்த்தோமா என்பதே கேள்வி. மேற்புறம் பழுப்பாயிருந்த இடத்தில் நின்றுவிட்டோமா, வேர்மட்டும் சென்றோமா?

அந்தத் தவணையை வேண்டுவோர் சில வேளைகளில் நம் கட்சியைச் சாராதவருக்காகவும் வேண்ட வேண்டியவராவர். பொகாக்குக்காக ஓவன் பேசியபோது, அவருடைய சபை ஒழுங்கைத் தாம் ஏற்றுக்கொண்டதாக ஓவன் கூறவில்லை. கனி தரும் மரத்தைக் காய்க்காததென்று வெட்டலாகாது என்றே கூறினார். லாம்பெத்தின் பணியாளர் போலின் மரத்துக்கு நீர் வார்த்தபோதும் போலின் செயல்களை நியாயப்படுத்தினாரல்லர். காத்தல் வேறு, உடன்படுதல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாத சபையில் ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் முந்தினவர் நட்டதெல்லாம் வெட்டப்படும். எந்த மரமும் மூன்றாம் ஆண்டைக் காணாது.

இவ்வரலாற்றில் அரசர்கள், கர்தினால், பேராசிரியர் ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோம். வைக்கோல் சுற்றிய பாரிஸ் குடியானவரின் பெயரை அறியோம். 1814இல் வெட்டுண்ட அடிமரத்தைப் பிடுங்கி எறியாமல் விட்ட லாம்பெத் தோட்டக்காரரின் பெயரையும் அறியோம். உவமையிலும் தோட்டக்காரனுக்குப் பெயரில்லை. ஆயினும் மரம் இருக்கிறதென்றால் அவர்கள் இருந்தார்கள் என்பதே அதன் பொருள். நாம் பிரசங்கபீடத்தில் அத்திமரத்தைப்பற்றிப் பேசும் அடுத்த ஞாயிறன்று, மரத்தை நோக்கிக் கைநீட்டுமுன், மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.